மூன்றாவது வேட்டு

சின்ன உரல்களைப் போல மூன்று இரும்புக் குழல்கள், பாதி மணலில் புதைந்து, வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும். வாலாஜாபாத் பக்கம் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில், அம்மன் புறப்பாட்டுக்கு அதிர்வேட்டுப் போடுவது மாமாவின் குடும்பத்துக்கு உள்ள முறை. மாமா என்றால் அக்காவின் கணவர். தறிக்குழியிலேயே நாளைக் கழிக்கிற எனக்கு அந்தக் குழல்களைக் கண்டால் இருப்புக் கொள்ளாது. திருவிழாவுக்குப் போனால் அம்மனைவிட மாமாவைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரே பட்டில் மின்னும் நாளில் அவர் மட்டும் நனைத்த பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். குழலுக்குள் கரிமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் தூளைப் போட்டு, மரக்கட்டையால்தான் இடிப்பார். முகத்தை மட்டும் குழலின் வாய்க்கு நேராகக் கொண்டுபோகவே மாட்டார். கடப்பாரையால் இடித்தால் சீக்கிரம் முடியாதா என்று ஒருமுறை கேட்டேன்.

“இரும்போட இரும்பு ஒரசினா பொறி பறக்கும் மச்சான். அப்புறம் உங்க அக்காவுக்கு நீதான் சோறு போடணும்” என்று சிரித்தார். மருந்துப் பெட்டியை மூடித் தூரத்தில் வைத்த பிறகே, நீண்ட மூங்கிலின் நுனியில் ஊதுவத்தியைக் கட்டித் திரியைக் கொளுத்துவார்.

ஒரு வருடம் இரண்டு வேட்டு அதிர்ந்தது. மூன்றாவதில் திரி எரிந்து உள்ளே போனது, சத்தம் வரவில்லை. மூன்றும் வெடித்தால்தான் அங்கே பல்லக்கைத் தோளில் ஏற்றுவார்கள். மாமா கைகளை விரித்துக் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளினார். “உள்ள நெருப்பு தங்கியிருக்கும். யாரும் கிட்ட போவாதீங்க. நேரம் ஆவட்டும், தண்ணி ஊத்திட்டுப் பாக்கலாம்.”

வெயில் ஏறிக்கொண்டே போனது. தர்மகர்த்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. “அம்மா எவ்ளோ நேரம்டா காத்துக்கினு இருப்பா? பயமா இருந்தா தள்ளு!” மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு, பட்டு வேட்டி சரசரக்கக் குழலை நோக்கி நடந்தார். அந்த ஊரில் அவர் மேல் கை வைத்து நிறுத்த யாருக்கும் துணிவில்லை.

மாமா ஓடிப்போய் அவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டார். “ஐயா, தப்பு என்னுதுதான், மன்னிச்சுடுங்க!”

ஊர் அதைத்தான் கண்டது. பக்கத்தில் நின்ற எனக்கோ அவர் கைகளில் நரம்பு புடைத்திருந்தது தெரிந்தது. தர்மகர்த்தா காலை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் மனம் இளகி, “சரி, எழுந்திரு” என்று மூங்கிலைக் கீழே போட்டார். வெகுநேரம் கழித்து மாமா கழியில் சொம்பைக் கட்டி, தள்ளி நின்றே குழலில் தண்ணீர் ஊற்றினார். அம்மன் இரண்டு வேட்டோடு புறப்பட்டாள்.

வீட்டில் அக்கா அழுதாள். “ஊர் முன்னாடி கால்ல வுழுந்துட்டு வந்து நிக்கிறாரே!” எனக்கு வேறு சந்தேகம். “நெஜமாவே உள்ள நெருப்பு இருந்துதா மாமா?”

“தெரியாது மச்சான். அதைத் தெரிஞ்சுக்காம இருக்கத்தான் காலைப் புடிச்சேன்.”

இன்றும் மாமாதான் வேட்டுப் போடுகிறார். வயதாகிவிட்ட தர்மகர்த்தா ஒவ்வொரு திருவிழாவிலும் அவரைக் காட்டி, “இவன் என் கால்ல வுழுந்து அழுதவன்” என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாமாவோ கூடவே சிரித்துவிட்டு, “ஐயா, கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்க” என்கிறார். அவரும் தன் இரண்டு காலாலும் நடந்துபோய்ப் பின்னால் நிற்கிறார்.