பிரேமகுமாரி டீச்சரின் சைரன்

பிரேமகுமாரி டீச்சரின் இடது மணிக்கட்டு சற்றே வளைந்திருக்கும். கட்டிக்கொண்டவன் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது. அவன் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, செங்கல் என்ற ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போகவே இல்லை.

எங்கள் பள்ளியில் அவர் அறிவியல், நான் கணக்கு. மின்சாரப் பாடத்தைப் படத்தைக் காட்டி நடத்துவது அவருக்குப் பிடிக்காது. உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு செய்தார். அதில் பேட்டரி, சின்ன விளக்கு, பஸர், டிரான்சிஸ்டர் எல்லாம் இருக்கும். போர்டின் முதுகிலேயே முழு வரைபடத்தையும் அச்சடித்திருந்தார். யாரும் பார்த்துச் செய்யலாம், மாற்றலாம். திருவனந்தபுரத்து வியாபாரி ஒருவர் வந்து வரைபடத்தைத் தனக்கு மட்டும் தரச்சொல்லிக் கேட்டார். பிள்ளைகளிடம் ஒளித்துவைக்கிற பாடம் தனக்குத் தெரியாது என்று டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குக்கூட அப்போது இது கொஞ்சம் அதிகம் என்றுதான் பட்டது.

அந்த மழைக்காலத்தில் காட்டுப்பன்னிகள் இறங்கின. கொல்லயில் ஊரில் மரச்சீனிக் கிழங்கு ஒரு மூடுகூட மிஞ்சவில்லை. ரப்பர் வெட்டப் போன ராஜையாவின் தொடையைக் கிழித்து எலும்பைக் காட்டிவிட்டது ஒன்று. டீச்சரின் பிள்ளைகள் வகுப்பில் படித்ததை வயலுக்குக் கொண்டுபோனார்கள். வயலைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி. அது அறாமல் இருக்கும்வரை டிரான்சிஸ்டர் அடங்கிக் கிடக்கும், அறுந்தால் சைரன் அலறும். வரைபடம் எல்லார் கையிலும் இருந்ததால் வயலுக்கு வயல் அதே சைரன் வந்துவிட்டது.

சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஒரு ஆள் வெட்டுகத்தியோ கம்பிப்பாரையோ எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்பது ஊர் முடிவு. டார்ச் அடித்தால் பன்னி மறுபக்கம் பாய்ந்துவிடும் என்று, இருட்டிலேயே சுற்றி வளைத்து, இலை அசைகிற இடத்தில் அடிப்பார்கள். அடிபடும் பன்னியின் அலறல் மனுஷ அலறல் மாதிரியே இருக்கும். அதற்காக யாரும் கையை நிறுத்தியதில்லை.

டீச்சரிடம் ஏழாம் வகுப்பில் படித்தவள் ஆர்யா. அப்பா குட்டப்பன் மரம் வெட்டப் போகிறவன். வீட்டுக்கு வந்தால் மனைவி சுகுமாரியை வெட்டாத குறையாக அடிப்பான். அவள் முன்பல் இரண்டும் அவன் குதிகாலில் போனவை. எனக்கு ஆத்திரம் அவன்மேல் மட்டுமில்லை. அவள் அலறும்போது டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிற அக்கம்பக்கத்தார் மேலும்தான். ஒருநாள் அவளைக் கொன்றே போடுவான் என்று டீச்சர் பயந்தார். போலீசுக்குப் போக அழைத்தபோது, அது நம்ம வீட்டுக் காரியம் என்று சுகுமாரியே கையை விடுவித்துக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம். மழையோடு கரண்டும் போயிருந்தது. மீனில் உப்பு கூடிவிட்டதென்று குட்டப்பன் சட்டியை சுகுமாரியின் முகத்தில் எறிந்தான். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். வெட்டுகத்தியின் பின்புறத்தால் தோளில் போட்டான், எலும்பு முறிந்தது. கீழே விழுந்தவளின் கழுத்தில் முழங்காலை ஊன்றினான். அவள் அலறல் நின்றுபோயிற்று.

ஆர்யா பின்வாசல் வழியாக ஓடி, வயலோரக் கம்பியை விரல் கிழிய இழுத்து அறுத்தாள். சைரன் அலறியது.

தன் மரச்சீனியில் பன்னி என்றதும் குட்டப்பன் முழங்காலை எடுத்தான். அதே வெட்டுகத்தியோடு வயலுக்குள் பாய்ந்தான். அதற்குள் நாலு பக்கமும் ஆள் கூடியிருந்தது.

"எலே, மரச்சீனிக்குள்ள ஆக்கும் நிக்குது, விடாத" என்று யாரோ சொன்னது ரோட்டில் வந்துகொண்டிருந்த எனக்கும் கேட்டது. பிறகு அடி விழும் சத்தம். ஈர மண்ணில் விழுகிற அடிக்கும் உடம்பில் விழுகிற அடிக்கும் வித்தியாசம் தெரியும். அவன் கத்தினான். சைரனும் கத்திக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அவன் இரண்டு காலும் தாடையும் உடைந்து சேற்றில் கிடந்தான்.

பன்னி இடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் குட்டப்பனால் மறுக்கவும் முடியவில்லை. சுகுமாரி அதே ஆஸ்பத்திரியில் அடுத்த வார்டில் பிழைத்துக்கொண்டாள். அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கம்பியை அறுத்தது ஆர்யா என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் பயந்துபோய், எல்லாப் போர்டையும் திரும்ப வாங்கச் சொன்னார். முதலில் ஆர்யா வீட்டுக்கு நானும் டீச்சரும் போனோம். குட்டப்பன் கட்டிலில் கிடந்தான். சுகுமாரி ஒரு கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆர்யா போர்டு வைத்த சைரன் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மக்கா, ஆளுவ கம்பும் கத்தியுமா வருவினும்ணு உனக்குத் தெரியாதா? அப்பாவ கொன்னிருந்தா? ஓடிப்போய் ஒரு வீட்டுல விளிச்சிருக்கலாம்லா?"

ஆர்யா அழவில்லை. கட்டிலைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்ம எத்தர வருஷமா விளிக்குது டீச்சர். ஒருத்தரும் வரல்ல. பன்னிண்ணா எல்லாரும் வருவினும்."

சுகுமாரியின் கையிலிருந்த கரண்டி நின்றது. குட்டப்பன் ஏதோ சொல்லப் பார்த்தான். தாடைக் கம்பி விடவில்லை.

டீச்சர் பெட்டியை வாங்கித் திறந்தார். பேட்டரி ஒயர் ஒன்று கழன்று கிடந்தது. அதை இறுக்கி மூடி, ஆர்யாவின் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தார்.