காய்ச்சலோடு மலையேறிய நாள்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினேன். சாப்பிடும்போதுகூட முதலாளி கூப்பிட்டுத் திட்டுவார். வயிற்றுப்புண் வந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அங்கே முதலாளியம்மா குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் காய்ச்சல் என்று அவருக்குப் போன் செய்தேன்.

"நல்லாப் படுத்து எந்திரிச்சு வாங்கண்ணே. இங்க சோலிய நான் பாத்துக்கிர்றேன்" என்றார்.

ஆளை மாற்றப்போகிறார் என்றே பட்டது. படுக்க முடியாமல் ஜீப்பில் ஏறிப் போனேன். என் மேசையில் அவரே உட்கார்ந்து மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"நம்பலையாண்ணே?" என்றார்.

சுக்குக் காபி கொடுத்து, அதே ஜீப்பில் திருப்பி அனுப்பினார். வேறு யாரையும் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறாரா என்று வழியெல்லாம் டிரைவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.