நீங்க பாத்துப் போடுங்க

என் சம்பளம் ஏறினால் தெருவுக்கே தெரிந்துவிடும். அகவிலைப்படி அறிவிப்பு டிவியில் ஓடி முடிவதற்குள் காய்கறிக்கார அம்மா வாசலில் வண்டியை நிறுத்துவார். "ஏனுங்க அம்மணி, உங்களுக்கென்னங்க, டி.ஏ. போட்டுட்டாங்களாமா!" என்பார். அன்றைக்குக் கத்தரிக்காயைக் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வராது. அது போக, வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட். நான் ஆபீஸில் தூங்கி வழிந்தாலும் ஏறும், அம்மை போட்டுப் படுத்திருந்தாலும் ஏறும். அரசாங்க வேலைக்கு வந்த நாளிலிருந்து சம்பளத்துக்காக நான் யார் முன்னாலும் போய் நின்றதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கதை வேறு. பீளமேட்டுப் பக்கம் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறார். அங்கே ஏப்ரலில் சம்பள உயர்வை எழுதி ஒட்டின கவர் ஒன்று கைக்கு வரும். வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போய்த்தான் பிரிப்பார்களாம். யாருக்கு எவ்வளவு என்று பக்கத்து சீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கவருக்கு முன்னால் முதலாளி ஒவ்வொருவரையாக உள்ளே கூப்பிட்டு, "எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்று கேட்பார். அந்த நேரத்தில் வாயைத் திறந்தவர்களுக்கு ஏறும். இவர் திறந்ததே இல்லை. "நீங்க பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கவே கூச்சப்படுவோம். கிணறு தூர்வார வந்தவரிடம் கூலி கேட்டால் அவரும் "பாத்துக் குடுங்க" என்றுதான் சொல்வார். கொடுக்கிறவர் மனசறிந்து கொடுப்பார் என்று ஒரு நம்பிக்கை. பம்பு கம்பெனிக்கு அந்த நம்பிக்கையெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

போன பங்குனியில் எனக்குக் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்தது. இடம் கோத்தகிரி. மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ஏற வேண்டும். தினமும் போய் வர முடியாது, அங்கேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டும். மகள் ஒன்பதாவது முடிக்கப் போகிறாள். பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதற்கப்புறம் சில வருஷம் என் பெயர் வரிசையில் வராது. கூடுகிற சம்பளமும் போய்விடும்.

"நீ போக வேண்டாம் கண்ணு. இந்த வருஷம் நானே மொதலாளிகிட்டக் கேட்டுப்போடறேன். நல்லா ஏத்திக் குடுத்தா உன்ற புரமோசன் எதுக்கு?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க? கேப்பீங்க?"

"கேக்கறனா இல்லையான்னு பாரு."

அன்றிலிருந்து சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது. கொடியில் காய்ந்த புடவைகள் உப்பிக்கொண்டு நிற்க, நடுவில் அவர் நடந்துகொண்டே பேசுவார். "சார், விலைவாசியெல்லாம் உங்களுக்கே தெரியும்..." என்று ஆரம்பிப்பார். காற்று மீதியைக் கொண்டுபோய்விடும். நான் துணி எடுக்கிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மேற்கே மலை நீலமாகத் தெரியும். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வரும்.

ஆனால் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஆபீஸில் ஃபேன் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். கண் திறந்தபடியே இருக்கும், நான் மட்டும் கோத்தகிரியில் இருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பனி நின்றுகொண்டிருக்கும். மேஜை என்னுடையது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சூடாக டீ குடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் ஒரு முழு மணி நேரம் சும்மா இருப்பேன். "மேடம், தபால்" என்று யாராவது வந்து நின்றதும் கோயமுத்தூர் வெயிலுக்குத் திரும்பி வருவேன். போகப்போவதில்லை என்று தெரிந்த ஊரை எதற்கு இப்படி நினைக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சலாக வரும்.

முதலாளி கூப்பிட்ட அன்று அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"கேட்டீங்களா?"

"நல்லாப் பேசுனாரு. காப்பி குடுத்தாரு. பாப்பா என்ன படிக்குதுன்னு கேட்டாரு."

"அதக் கேக்கல. எவ்வளவு எதிர்பாக்கறீங்கன்னு கேட்டாரா, இல்லையா?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "பேனாவத் தொறந்து வெச்சுட்டுக் காத்துட்டிருந்தாரு, பாவம். அந்த முகத்தப் பாத்துட்டு எப்புடிக் கேக்கறது? பாத்துப் போடுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"அடக் கடவுளே! காப்பி குடிக்கறதுக்கா போனீங்க? மாடியில அத்தன நாளு யாருகிட்டப் பேசுனீங்க, காக்காகிட்டயா?" என்று கத்தினேன். அப்புறம் கொஞ்ச நாளில் கவர் வந்தது. முதலாளி பார்த்துத்தான் போட்டிருந்தார், போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாதபடிக்கு.

"போச்சாது. இருக்கறத வெச்சுப் பொழச்சுக்கலாம். நீ வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு" என்றார்.

மறுநாள் அதிகாரி அறைக்குப் போனேன். அவரும் ஒரு பெண்தான். கோத்தகிரி பற்றி என்று ஆரம்பித்து, வீடு, மகள் என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "குடும்பத்தப் பத்திச் சொல்லாதீங்கம்மா, அது எல்லாருக்கும் இருக்கு. போக உங்களுக்கு இஷ்டமா, இல்லையா?" என்று கேட்டார்.

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயில் என்ன வந்தது தெரியுமா? "நீங்களே பாத்துச் செய்ங்க மேடம்" என்பதுதான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வீட்டுக்காரரை அத்தனை திட்டின அதே நாக்கு! உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

"போறேனுங்க மேடம்," என்றேன். "எனக்கு அந்தப் பதவி வேணும்."

சொன்ன பிறகு சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சம்பளம் கூடும் என்பதற்காக இல்லை, எனக்கே ஆசையாக இருந்தது, அதனால்தான் அதிகாரியிடம் பதவி வேணும் என்று சொன்னேன் என்றேன். அவர் கை நின்றது. "கேக்க வந்துச்சா உனக்கு?" என்றார். கோபமா, வியப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "செரி, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் அவர் மனசைத் தெரிந்துகொள்ளாமலே பெட்டி கட்டினேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வரை கூட வந்தார். பஸ் ஸ்டாண்டில் காய்கறி மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய், பெட்டியை மேலே வைத்து, ஜன்னல் சீட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு இறங்கினார். கீழே நின்று மலையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

பஸ் நகர்ந்ததும் சட்டென்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"ஏம்புள்ள, சனிக்கிழமை வரைக்கும் அங்க இருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துரு. எனக்கு நீ வேணும்."

பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெட்கப்படவில்லை, கம்பியை விடவும் இல்லை. என் பதிலுக்காக நடந்துகொண்டே இருந்தார்.

"வாரேனுங்க. வெள்ளிக்கிழமையே வாரேன்" என்று கத்தினேன். அப்புறம்தான் கம்பியை விட்டார்.