பக்க எண் கேட்காத சனிக்கிழமை

எங்கள் சங்கரன்கோவில் கல்லூரியில் பாடத்துக்கு வைத்திருந்த நாவலை, சனிக்கிழமைதோறும் ஆன்லைனில் கூடி நாங்களே விவாதிப்போம். பேராசிரியர் வரமாட்டார். வாரம் ஒருவர் நடத்த வேண்டும். யார் என்ன சொன்னாலும் மற்றவர்கள் விடாமல் “எந்தப் பக்கம்?” என்று கேட்போம். பக்க எண் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது.

எங்களோடு படித்த குருவிகுளத்துக்காரன் பைக் விபத்தில் இறந்துபோனான். சில நாள் கழித்து, விவாதத்தின் நடுவே அவன் பெயரோடு ஒரு கட்டம் திரையில் வந்தது.

வந்தது அவனுடைய அப்பா. நரைத்த தலையும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரிந்தன.

“கதைய எனக்குப் பாதி சொல்லியிருந்தான் மக்கா. மீதிய நான் கேட்டுக்கிடுதேன். நீங்க பேசுங்க.”

அதன்பின் வாராவாரம் வந்தார். ஒரு வார்த்தை பேசமாட்டார். முடிந்ததும் எங்களைக் கும்பிடுவார். கைகளைச் சேர்க்கும்போது போன் சரிந்து விழும்.

கடைசி அத்தியாயத்தை நான் நடத்தினேன். உத்தி, குறியீடு என்று நாங்கள் பேசி முடித்த பிறகு, அன்றுதான் அவர் வாய் திறந்தார்.

“ஒண்ணு மட்டும் வெளங்கல தம்பி. வீட்ட விட்டுப் போனானே அந்தப் பய, கடைசில திரும்பி வந்துட்டானா?”

நாவலில் அவன் திரும்பி வருவதே இல்லை.

“வந்துட்டாம்ப்பா” என்றேன்.

“வந்துருவாம்னுதான் எம்மவனும் சொன்னான்.”

முழு நாவலையும் வாசித்த அத்தனை பேரும் திரையில் இருந்தார்கள். ஒருவர்கூட எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.