அம்மா கார் கழுவிய மறுநாள்

நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி அழுக்காக இருக்கலாமா என்று அம்மா தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு டிரைவிங் லைசென்ஸுக்கான ரோட் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை போய்த் தோற்றிருந்தாள். மூன்றாவது முறைக்குத் தெய்வத்தையும் துணைக்குக் கூப்பிடுவது என்று முடிவுசெய்து, ஜனவரி மாதத்து மாலையில் ஒரு பக்கெட் வெந்நீரோடு இறங்கி, எங்கள் பழைய ஹாட்ச்பேக் காரைக் கதவிடுக்கு விடாமல் கழுவினாள். டிக்கிக்கு வரும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதைத் துணியால் துடைத்ததோடு சரி. பிறகு சந்தனம், குங்குமம் இட்டு, நான்கு டயர்களுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள் வைத்தாள். நாயோடு நடந்து போன வெள்ளைக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். அம்மா அவருக்கு ஒரு ஹலோ சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

காலையில் போய்ப் பார்த்தால் நான்கு கதவுகளும் பனிக்கட்டியில் இறுகிக் கிடந்தன. பூட்டில் சாவி திரும்பியது, கைப்பிடியும் மேலே வந்தது, கதவு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அம்மா இடுப்பால் இடித்துப் பார்த்தாள். ஒரு காலைக் காரில் முட்டுக்கொடுத்து இழுத்தும் பார்த்தாள்.

அப்பா அந்த வருஷம் வாரம் முழுக்க டெக்சாஸில் ப்ராஜெக்ட், வெள்ளி இரவுதான் வருவார். போனில் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“ஜனவரில யாராவது காரைக் கழுவுவாங்களா? பேசாம கேன்சல் பண்ணிடு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“சரிங்க” என்று அம்மா போனை வைத்தாள். அம்மாவின் ‘சரிங்க’வுக்கு, சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

டெஸ்ட்டுக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட வரவேண்டும். அதற்காகக் கீழ்வீட்டு ஆன்ட்டி, நைட்டிக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கெட்டிலில் கொதிக்கக் கொதிக்க நீரோடு வந்த அம்மாவை அவர்தான் தடுத்தார்.

“ஐயோ, ஊத்தாதம்மா. கண்ணாடி விரிசல் விட்டுடும். ரீஷெட்யூல் பண்ணிக்கலாம், விடு.”

“இல்லக்கா. உள்ள போக ஏதாவது ஒரு வழி இருக்கும்.”

வழி டிக்கியில் இருந்தது. அதிகம் நனையாததால் அங்கே பனி மெல்லிசாகத்தான் பிடித்திருந்தது. அதை எதனால் தட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்த அம்மா, சட்டென்று குனிந்து டயருக்கு முன்னால் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அது ராத்திரியிலேயே உறைந்து கல்லாகியிருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதாலேயே டிக்கியின் ஓரம் முழுக்கத் தட்டினாள். ஆன்ட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாலைந்து சுற்று தட்டியதும் டிக்கி கிர்ரென்று திறந்தது.

குளிரால் அன்று பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம். அதனால் நான் கைவசம் இருந்தேன். அம்மா என்னை அலாக்காகத் தூக்கி உள்ளே போட்டாள். பின் சீட்டின் மேல் ஏறி, டிரைவர் சீட்டுக்கு உருண்டு, கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி கதவை இரண்டு பூட்ஸ் காலாலும் உதைத்தேன். வெளியிலிருந்து அம்மா இழுத்தாள். ஏழாவதோ எட்டாவதோ உதையில் கதவு திறந்தது. கூடவே கதவோரத்து ரப்பர் ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது.

கிழிந்ததை அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஹீட்டரைப் போட்டு மற்ற கதவுகள் இளகும்வரை காத்திருந்து, மறுபடி ஒட்டாமல் இருக்க எல்லா ரப்பரிலும் நல்லெண்ணெய் தடவினாள். டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி கதவைத் தொட்டுவிட்டு விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார், முகர்ந்தும் பார்த்தார். ஆனாலும் பாஸ் போட்டார்.

ஊரில் அம்மா தினமும் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தியவள். எனக்கு அது ஆல்பத்தில் இருந்த ஒரு போட்டோ, அவ்வளவுதான். நான் அறிந்த அம்மா, பால் தீர்ந்தால் ஆன்ட்டி தன் காரில் கடைக்குப் போகிற நாளுக்காகக் காத்திருப்பவள்.

அதே வாரம் லைசென்ஸ் கைக்கு வந்ததும் அம்மா என்னை மட்டும் முன் சீட்டில் உட்காரவைத்துக் கடைக்கு ஓட்டினாள். காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். கதவு மறுபடி ஒட்டிக்கொண்டதோ என்று என் பக்கத்துக் கதவைத் தள்ளினேன். சுலபமாகத் திறந்தது.

“ஓப்பன் ஆகுதும்மா” என்றேன்.

“தெரியும். சாத்து.”

திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. கிழிந்த ரப்பரை வெள்ளிக்கிழமை அப்பா பார்த்துவிடுவார்.

“நான்தான் கிக் பண்ணேன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்மா” என்றேன்.