நான் போட்ட இரட்டை வேடம்

போன வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிச்சூரில் வாடகைக்கு வீடு தேடி நானும் என் கணவரும் அலைந்துகொண்டிருந்தோம். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று வீடு வீடாகக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாகங்களில் எது தலைமுடி அளவு பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, டிவியில் பழைய படம் ஓடினால் என் வாய் சும்மா இருக்காது. அதிர்ச்சி என்றால் கையிலிருக்கும் காபி டம்ளர் கீழே விழுந்தே ஆக வேண்டும். ஒருவர் இருமினால் அடுத்த காட்சியில் கைக்குட்டையில் ரத்தம். திருவிழாவில் தொலைந்த பிள்ளை இருபது வருடம் ஆனாலும் குடும்பப் பாட்டை மறக்காது. இதெல்லாம்கூடப் போகட்டும். இரட்டை வேடப் படம் வந்தால்தான் எனக்குக் கோபமே வரும். கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டு எவனோ வீட்டுக்குள் நுழைவான். பெற்றவள் அவனை உட்கார வைத்துச் சோறு போடுவாள். "பத்து மாசம் சுமந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? எங்க செக்‌ஷனுக்கு அனுப்பச் சொல்லுங்க, அரை நிமிஷத்துல ரிஜெக்ட் பண்றேன்" என்பேன். என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

அன்று மதியம், ஓர் உள்தெருவில் 'டு லெட்' பலகை கண்ணில் பட்டது. மாடி போர்ஷன். கணவர் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் திறந்து உள்ளே போனேன். வாசலில் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் காபி டம்ளர். என்னைப் பார்த்தார். டம்ளர் கீழே விழவில்லை. மெதுவாகக் குனிந்து அதைப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மயக்கமோ என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவர் எழுந்து, என் கையைப் பிடித்து ஹாலுக்குள் அழைத்துப் போனார். சுவரில் மாலை போட்ட ஒரு படம், அதன் கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. படத்தில் நான் இருந்தேன்.

என் மூக்குக் கண்ணாடி மட்டும்தான் இல்லை. அதே நெற்றி, அதே எடுப்பான முன்பல், சிரித்தால் ஒரு கண் மட்டும் சுருங்குகிற அதே கோணல். பின்னாலேயே வந்த என் கணவர் "ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். என் கண் தன் பழக்கத்தில் வித்தியாசம் தேடிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. பயமாக இருந்தது. ஆனால் அது வெறும் பயமில்லை. கருவறைக்கு முன்னால் நிற்கும்போது வாயடைத்துப் போகுமே, அப்படி இருந்தது. இவள் இருந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் நான் இத்தனை வருடமாக பக்கத்திலேயே ஜிஎஸ்டி ரோட்டில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவருடைய ஒரே மகளாம், அழுதுகொண்டே சொன்னார். மூன்று வருடம் ஆகிறதாம். அம்மாவிடம் ஏதோ சின்னச் சண்டை போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பியிருக்கிறாள். அங்கே காய்ச்சல் கண்டு நாலே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

என்னை அவள் என்றே நினைத்துவிட்டீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அழுகையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாம்மா நீ! கேட்டத் தொறக்கறப்பவே தெரிஞ்சிடுச்சி. நீ கையால தொறந்த. எம்பொண்ணு போக சொல்லவும் வர சொல்லவும் காலால ஒதைச்சிகினுதான் போவும். உனக்கு எடது காது ஒரு நூலு மேல கீது பாரு, அதுக்கு அப்டி இல்ல."

திரும்பவும் படத்தைப் பார்த்தேன். உண்மைதான். என் கண்ணாடி ஏன் எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதை நாற்பது வயதில் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பதினான்கு வருட அனுபவத்துக்கு அகப்படாததை, கேட்டிலிருந்து வாசலுக்கு நான் நடந்து வருவதற்குள் அவர் பார்த்து முடித்திருக்கிறார்.

வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"வூடு உனக்குத் தரமாட்டேம்மா, கோச்சுக்காத. டெய்லி பாத்துகினு இருந்தா நெசம்னே நம்பிடுவேன்." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "போறப்போ, போயிட்டு வரேம்மான்னு ஒரே ஒரு வாட்டி சொல்லிட்டுப் போறியா?"

தலையாட்டினேன். கேட்டு வரை நடந்தேன். திரும்பி நின்று, "போயிட்டு வரேம்மா" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். அப்புறம் எனக்கு என்ன தோன்றியதோ, பாதி சாத்தியிருந்த கேட்டைக் காலால் ஓர் உதை விட்டேன். அது தெருவே கேட்கும்படி 'டணங்' என்று அடித்துக்கொண்டது.

"காலால ஒதைக்காதன்னு எத்தினி வாட்டிடி சொல்றது உனுக்கு!"

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலில் அழுகையே இல்லை. நல்ல கோபம் இருந்தது, தினமும் திட்டுகிற அம்மாவின் கோபம். திரும்பிப் பார்த்தால் அது கலைந்துவிடும் என்று, திரும்பாமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு கிடைத்துக் குடிபோனோம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் இரட்டை வேடப் படம் வருகிறது. மச்சம் ஒட்டியவன் வீட்டுக்குள் நுழையும்போது என் கணவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். எனக்குக் குறை சொல்ல வாய் வருவதில்லை. அந்தப் பெற்றவளுக்கு முதல் பார்வையிலேயே எல்லாம் தெரியும், தெரிந்துதான் சோறு போடுகிறாள் என்றே எனக்கு இப்போது தோன்றுகிறது.