குருத்தோலையோடு எரிந்த சொற்கள்

நான் குருநகரில் வசிக்கிறேன். கட்டாரில் வேலை செய்யும் என் மகன், ஊருக்குத் திரும்பிவந்து படகு வாங்கவென்று சேர்த்ததையெல்லாம் கிரிப்டோ நாணயமாக மாற்றினான். லீவில் வந்தபோது, அதைக் காக்கும் சிறிய வொலட் கருவியை எங்கள் வீட்டில் வைத்தே தயார்செய்தான். கருவி பழுதானால் பணத்தை மீட்பதற்கு அது காட்டிய இருபத்துநான்கு சொற்களை ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தான். வேறு பிரதி இல்லை. கருவியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டான்.

"அம்மா, போனிலை படம் எடுக்காதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

திரு இருதயப் படத்துக்குப் பின்னால், குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கிவந்து செருகியிருந்த குருத்தோலைக்குள் அதைச் சுற்றி வைத்தேன். கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

தவக்காலத்துக்குச் சற்று முன் மகன் அழைத்தான். "கருவி தண்ணிக்குள்ளை விழுந்து பழுதாப் போச்சு. அந்தத் தாள் கிடக்குத்தானே?"

போய்ப் பார்த்தால் ஓலையே இல்லை.

"விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்க, கோயிலாலை வந்து பழைய ஓலை கேட்டவை. குடுத்திட்டன். அதுக்கேன் முழிசுறாய்?" என்றார் கணவர்.

கோயிலுக்கு ஓடினேன். முற்றத்தில் பாதி ஓலை எரிந்துகொண்டிருந்தது. மீதி சாக்கில் இருந்தது.

"என்னக்கா, சாம்பல் பூச இப்பவே வந்திட்டியளோ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று மகன் சொன்னதும் நினைவில் நின்றது.

"சும்மா வந்தனான்" என்றேன். என் கண் முன்னாலேயே சாக்கையும் நெருப்பில் கொட்டினார்கள்.

மகனிடம் அழுதுகொண்டே சொன்னேன். "சரி, அழாதேங்கோ அம்மா. நான் இப்போதைக்கு வரேல்லை" என்றான்.

இப்போது முக்கியமான எதையும் இரண்டு இடங்களில் வைத்து, கணவருக்கும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்படி வைப்பதற்கு எங்களிடம் இனி என்ன இருக்கிறது?